மூலப்பொருளாக வந்த புகை: பிந்துலு காற்றுப் பிரிப்பு ஆலை வெடிப்பு, 1997

1997 டிசம்பர் 25 அன்று மலேசியாவின் சரவாக் மாநிலம் பிந்துலுவில், இயற்கை எரிவாயுவிலிருந்து டீசல் போன்ற எண்ணெய்களைச் செய்யும் ஷெல் எம்டிஎஸ் ஆலையில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. உயிரிழப்பு இல்லை, சிலர் காயத்தோடு தப்பினார்கள். அது கிறிஸ்துமஸ் விடுமுறை. சாதாரண வேலை நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆலை மறுபடி உற்பத்திக்குத் திரும்ப 2000ஆம் ஆண்டு வரை ஆனது.

எரிவாயு ஆலையில் வெடிப்பு என்றால் நம் மனம் உடனே எங்கே போகும் என்பது தெரிந்ததுதான். குழாய் கசிந்திருக்கும், எங்கோ பொறி பட்டிருக்கும். ஆனால் இங்கே வெடித்த பகுதிக்குள் எரிவாயு நுழைவதே இல்லை. எண்ணெயும் இல்லை. வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, குளிர்வித்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் ஏர் செபரேஷன் யூனிட் அது. வேலையிடத்தில் ஏஎஸ்யூ என்று சுருக்கிச் சொல்வோம். பக்கத்தில் 1,300 டிகிரியில் எரியும் உலைகளோடு ஒப்பிட்டால் சாதுவாகத் தெரிகிற பகுதி.

விசாரணையின் முடிவு பிறகு பாதுகாப்புத் துறை ஆய்விதழில் வெளியானது. அதன் சாரம் இது: காற்றோடு வந்த எரியக்கூடிய மாசுகள் சுத்திகரிப்புப் பகுதியைத் தாண்டி உள்ளே போயின. திரவ ஆக்சிஜனைக் கொதிக்கவைக்கும் அலுமினிய வெப்பமாற்றியில் படிந்தன. அந்தப் படிவு தீப்பிடித்து, அலுமினியத்தையும் பற்றவைத்தது. திரவ ஆக்சிஜனுக்குள் அலுமினியம் எரிந்ததில் வடிப்புக் கோபுரம் வெடித்துப் பிளந்தது.

மாசு எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டு மலேசியாவில் இருந்த யாரைக் கேட்டாலும் ஊகித்துவிடுவார்கள். காட்டுத்தீப் புகை.

இந்த நிகழ்வைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் ஒரு பக்க ஸ்லைடாகக் காட்டிவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருக்கிறது. ‘புகைமூட்டம், மாசு, வெடிப்பு, பில்டரைச் சுத்தமாக வையுங்கள்’ என்று முடிந்துவிடும். என் பார்வையில் இதன் உள்ளே இருக்கும் விஷயம் வேறு. ஆலையின் மூலப்பொருள் ஒன்று மாறிப்போனது. அது மாறியதை மூலப்பொருள் மாற்றமாக எந்த முறையும் பதிவுசெய்யவில்லை, ஏனென்றால் அதை மூலப்பொருள் என்றே எந்த முறையும் கருதவில்லை.

ஆலைக்கு ஆக்சிஜன் எதற்கு

பிந்துலு, கெமேனா ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். மத்திய லுக்கோனியா கடற்பகுதியில் எரிவாயு கிடைத்த பிறகுதான் அதன் தலையெழுத்து மாறியது. 1983இல் மலேசியா எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) நிறுவனம் முதல் சரக்கை ஜப்பானுக்கு அனுப்பியது. தஞ்சோங் கிடுரோங் பக்கம் துறைமுகமும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. 1993இல் ஷெல் எம்டிஎஸ் ஓடத் தொடங்கியது. ஷெல், மிட்சுபிஷி, பெட்ரோனாஸ், சரவாக் மாநில அரசு ஆகியவை பங்குதாரர்கள்.

எல்என்ஜி ஆலை எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும், அவ்வளவுதான். எம்டிஎஸ் அதன் மூலக்கூறையே பிரித்துப்போட்டு மறுபடி கட்டும். முதலில் மீத்தேனைத் தூய ஆக்சிஜனோடு அரைகுறையாக எரித்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த சின்காஸ் ஆக்குவார்கள். அதை வினையூக்கி நிரப்பிய குழாய்களில் செலுத்தினால் நீண்ட சங்கிலிகளாகச் சேர்ந்து மெழுகாகும். அந்த மெழுகை உடைத்தால் கந்தகமே இல்லாத டீசல், மண்ணெண்ணெய், நாப்தா. நாளொன்றுக்குச் சுமார் 12,500 பீப்பாய் என்ற அளவில் கட்டப்பட்ட ஆலை. இயற்கை எரிவாயுவிலிருந்து இந்த வழியில் வணிக அளவில் எண்ணெய் எடுத்த ஆலைகளில் உலகிலேயே முன்னோடி.

இதில் ஆக்சிஜன் எவ்வளவு போகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். சமன்பாட்டின்படி ஒரு டன் மீத்தேனுக்கு ஒரு டன் ஆக்சிஜன் வேண்டும். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆலைக்கு வரும் எரிவாயு நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி கன அடி, அதாவது ஏறக்குறைய 2,000 டன். ஆக, 2,000 டன்னுக்கு மேல் ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 விழுக்காடுதான் என்பதால், அதற்கு உறிஞ்ச வேண்டிய காற்று கிட்டத்தட்ட 10,000 டன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலுக்கு அடியிலிருந்து வரும் எரிவாயு 2,000 டன். கூரைக்கு மேலிருந்து வரும் காற்று 10,000 டன். எடைக் கணக்கில் ஆலையின் முதன்மை மூலப்பொருள் காற்றுதான். எரிவாயுவுக்கு ஒப்பந்தம் உண்டு, தர வரையறை உண்டு, மீட்டர் உண்டு, ஆன்லைன் அனலைசர் உண்டு. கந்தகம் கொஞ்சம் கூடினால் அந்த நிமிடமே கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கும். காற்றுக்கோ விலையும் இல்லை, விற்பவரும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. வடிவமைப்பு ஆவணத்தில் ‘சுற்றுப்புறக் காற்றின் தரம்’ என்று ஓர் அட்டவணை இருக்கும். கட்டும்போது அதைப் பார்ப்பார்கள். கட்டி முடித்த பிறகு யார் திறந்து பார்க்கிறார்கள்?

1997இன் வானம்

எல் நினோவால் அந்த ஆண்டு மழை பொய்த்தது. இந்தோனேசியாவின் காலிமந்தானிலும் சுமத்ராவிலும் நிலம் திருத்த வைத்த தீ, மக்கிய தாவரங்கள் சேர்ந்து உருவான கரிநிலங்கள் காய்ந்துகிடக்க, அவற்றுக்குள் இறங்கிவிட்டது. கரிநிலத் தீ அணையாது. மண்ணுக்கு அடியில் புகைந்துகொண்டே போகும். செப்டம்பர் 19 அன்று சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 23ஆம் தேதி கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்தான நிலை என்பது அந்தக் குறியீட்டின் கணக்கு. பள்ளிகளை மூடினார்கள். அந்த வயதில் இருந்த எவருக்கும் முகமூடியும் நண்பகலில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கிய சூரியனும் மறந்திருக்காது.

மனிதர்கள் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம். ஏஎஸ்யூவின் கம்ப்ரசர் நிற்காது. அது நின்றால் ஆக்சிஜன் நிற்கும்; ஆக்சிஜன் நின்றால் உலை நிற்கும்; உலை நின்றால் ஆலை முழுவதும் நிற்கும்.

இன்னொரு தோராயக் கணக்கு. 10,000 டன் காற்று என்பது ஏறக்குறைய 83 லட்சம் கன மீட்டர். புகை நாளில் ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் துகள் என்று வைத்துக்கொண்டால் (பிந்துலுவில் அளந்த எண் இல்லை, கணக்குக்காக எடுத்தது), நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ துகள் ஆலையின் வாய்க்குள் போகிறது. ஒரு மாதத்தில் 75 கிலோ. அதில் பெரும்பகுதி வழியிலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் அடுத்து நாம் பார்க்கப்போகும் இடத்தில் கிராம் கணக்கே பெரிய கணக்கு.

சல்லடையைத் தாண்டிய வழி

ஏஎஸ்யூவுக்குள் காற்று போகும் பாதையில் மூன்று காவல்கள் உண்டு. முதலில் பில்டர். அடுத்து, கம்ப்ரசருக்குப் பின் குளிர்விப்பு. அங்கே கொஞ்சம் கழுவப்படும். பிறகு மாலிக்குலர் சீவ் எனப்படும் மூலக்கூறு சல்லடைப் படுகை. இந்த மூன்றாவதுதான் உண்மையான காவல்காரன். நீராவி, கார்பன் டையாக்சைடு, அசெட்டிலீன், கனமான ஹைட்ரோகார்பன்கள் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அசெட்டிலீன் என்ற பெயரைக் கவனியுங்கள். காற்றுப் பிரிப்புத் துறை பல பத்தாண்டுகளாக அஞ்சியது அதற்குத்தான். திரவ ஆக்சிஜனில் அது அதிகம் கரையாது. திடமாகப் பிரிந்து நின்று வெடிக்கும். பழைய ஆலைகளில் அப்படிப் பல விபத்துகள். மூலக்கூறு சல்லடை பரவலான பிறகு அந்த அச்சம் வெகுவாகத் தணிந்தது. ‘முன்சுத்திகரிப்பு இருக்கிறது, ஹைட்ரோகார்பன் உள்ளே வராது’ என்ற நம்பிக்கை வேரூன்றியது. அனுபவத்தில் பிறந்த நம்பிக்கைதான். வாயுக்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியானதும்கூட.

காட்டுத்தீப் புகையில் இருப்பதோ வாயு மட்டுமில்லை. அரைகுறையாக எரிந்த மரத்தின் தாரும் கரியும் மெழுகுத்தன்மை கொண்ட சேர்மங்களும் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. சல்லடைப் படுகை வாயு மூலக்கூறை ஈர்த்துப் பிடிக்கும் பொருள். தூசி வடிகட்டியாக யாரும் அதை வடிவமைக்கவில்லை. இங்கே ஓர் இயற்பியல் விந்தை. பெரிய துகள் காற்று வளையும்போது வளைய முடியாமல் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகமிகச் சிறிய துகள் தாறுமாறாக அலைந்து எங்காவது தொட்டு நின்றுவிடும். 0.1 முதல் 0.5 மைக்ரான் வரையில் உள்ளது இரண்டிலும் சேராது. காற்றோடு காற்றாக நழுவிவிடும். காட்டுப்புகைத் துகள்களில் பெரும்பங்கு சரியாக அந்த அளவில்தான் இருக்கிறது. யாரோ அளந்து செய்து அனுப்பியதுபோல.

படிந்த இடம்

உள்ளே போன காற்று மைனஸ் 170 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கோபுரத்துக்குள் நுழைகிறது. நைட்ரஜன் மைனஸ் 196இலும் ஆக்சிஜன் மைனஸ் 183இலும் கொதிப்பதால், எளிதில் ஆவியாகும் நைட்ரஜன் மேலே போகும். ஆக்சிஜன் திரவமாகக் கீழே தேங்கும். ஆவியாகாத எதுவும் அந்தத் திரவத்தோடு கீழே வந்து சேரும். மரத்தாருக்கு மைனஸ் 183 டிகிரியில் ஆவியழுத்தம் ஏது?

தேங்கிய திரவ ஆக்சிஜனைக் கொதிக்கவைப்பதற்கு அங்கே ஒரு வெப்பமாற்றி உண்டு. மறுபுறம் அழுத்தத்தில் குளிர்ந்து திரவமாகும் நைட்ரஜன் கொடுக்கும் வெப்பத்தில் இந்தப் பக்கம் ஆக்சிஜன் கொதிக்கும். மெல்லிய அலுமினியத் தகடுகளையும் துடுப்புகளையும் அடுக்கிப் பற்றாசு வைத்து இணைத்த பெட்டி அது. அலுமினியம் கடுங்குளிரில் நொறுங்காது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும், எடையும் குறைவு. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான உலோகம் கிடைப்பது கடினம்.

குறுகிய வழிகளில் திரவம் பாய்ந்தபடி கொதிக்கும்வரை சிக்கல் இல்லை. மாசும் திரவத்தோடு அடித்துக்கொண்டு போகும். எங்காவது திரவ ஓட்டம் குறைந்து, சுவரிலேயே முழுவதும் ஆவியாகிவிட்டால், திரவத்தில் இருந்த மாசு அத்தனையும் அந்தச் சுவரில் மிஞ்சும். பால் சட்டியில் அடிப்பிடிப்பது மாதிரிதான். ஓர் இடத்தில் பிடித்துவிட்டால் அங்கே வழி இன்னும் குறுகும், ஓட்டம் இன்னும் குறையும், இன்னும் வேகமாகப் படியும்.

அனலைசர் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். அனலைசர் பார்ப்பது மாதிரிக்காக எடுக்கப்பட்ட திரவத்தை. சுவரில் ஒட்டிவிட்டது மாதிரிக்குள் வராது. சொல்லப்போனால், எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவுக்கு மாதிரி சுத்தமாகத் தெரியும். அதோடு அந்தக் கருவிகள் தேடுவது மீத்தேன், ஈத்தேன், அசெட்டிலீன் போன்ற வாயுக்களை. தாரை யாரும் தேடச் சொல்லவில்லை.

எரிந்தது எது

படிந்த மாசு எவ்வளவுதான் எரிந்தாலும் ஒரு கோபுரத்தைப் பிளக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. அது தீக்குச்சி மட்டும்தான். விறகு, அலுமினியம்.

ஒரு கிலோ அலுமினியம் முழுவதும் எரிந்தால் 31 மெகாஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடிக்கையில் வெளிவருவது 4 மெகாஜூலைச் சற்றே தாண்டும். சாதாரணமாக அலுமினியத்தை அதன் மேலிருக்கும் ஆக்சைடுப் படலம் காக்கும். நம் வீட்டுச் சட்டிகள் எரியாமல் இருப்பது அதனால்தான். தூய ஆக்சிஜனில், மெல்லிய தகட்டில், அந்தப் படலத்தை உடைக்கும் அளவுக்கு ஓரிடத்தில் வெப்பம் கிடைத்துவிட்டால் கதை மாறுகிறது. 660 டிகிரியில் உருகிய உலோகம் சுற்றிலும் உள்ள திரவ ஆக்சிஜனில் எரிந்துகொண்டே அடுத்த தகட்டைப் பற்றவைக்கும். அந்த வெப்பத்தில் திரவ ஆக்சிஜன் கண்ணிமைக்கும் நேரத்தில் வாயுவாகும். சாதாரண வெப்பநிலைக்கு வந்தாலே கொள்ளளவு எண்ணூறு மடங்குக்கு மேல். பாதுகாப்பு வால்வு திறப்பதற்கெல்லாம் அங்கே நேரம் இல்லை.

இதே 1997இல், மே மாதம், சீனாவின் பூஷுன் நகரில் எத்திலீன் வளாகம் ஒன்றின் ஏஎஸ்யூவும் வெடித்தது. அங்கே உயிர்கள் போயின. ஒரே ஆண்டில் இரண்டு என்றதும் தொழில்வாயு நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. அலுமினிய வெப்பமாற்றி எந்த நிலையில் தீப்பிடிக்கும், எவ்வளவு ஹைட்ரோகார்பன் படிவு போதும் என்ற ஆய்வுகள் அதற்குப் பிறகு வேகம் பிடித்தன.

மாற்ற மேலாண்மை எங்கே தவறியது

எந்த ஆலையிலும் ஒரு வால்வின் அளவை மாற்றுவதற்குக்கூட மாற்ற மேலாண்மைப் படிவம் உண்டு. முன்மொழிபவர், ஆராய்பவர், ஒப்புதல் தருபவர் என்று கையெழுத்துகள் வேண்டும். பெரும் தொழில்விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிகள் மலேசியாவில் 1996இல் நடைமுறைக்கு வந்திருந்தன; காகித அளவில் முறைகள் எதற்கும் பஞ்சமில்லாத காலம்.

ஆனால் அந்த முறைகள் எல்லாமே ஒரு மனிதர் மாற்றம் செய்ய விரும்புவதிலிருந்து தொடங்குகின்றன. 1997 செப்டம்பரில் நடந்த மாற்றத்தை ஆலையில் யாரும் முன்மொழியவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எரிந்த நிலம், பிந்துலுவின் வடிவமைப்பு அட்டவணையைத் திருத்தி எழுதிவிட்டது. படிவம் இல்லாத மாற்றம்.

அப்போது வேலையில் இருந்தவர்களை நோக்கி விரல் நீட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புகைத்துகள் சல்லடையைத் தாண்டும், அலுமினியத்தில் படியும், படிந்தது இவ்வளவு பெரிய வெடிப்பைத் தூண்டும் என்ற மூன்று கண்ணிகளும் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டது பெரும்பாலும் இந்த நிகழ்வுக்குப் பிறகுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்கு வந்த நூற்றுக்கணக்கான பேரில், ‘நமக்கே மூச்சு முட்டுகிறதே, இந்த மெஷின் என்ன செய்கிறது?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கேள்வி யாருடைய மேசைக்குப் போயிருக்கும்? சுகாதாரப் பிரிவு முகமூடி கொடுத்திருக்கும். சுற்றுச்சூழல் பிரிவு ஆலையிலிருந்து வெளியே போவதைப் பார்க்கும். உள்ளே வருவது அவர்கள் வேலை இல்லை. ப்ராசஸ் இன்ஜினியர் பில்டரின் அழுத்த வேறுபாட்டைப் பார்த்து, அடைத்தால் மாற்றச் சொல்லியிருப்பார். ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் கேள்விக்கு உரியவர் கிடையாது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். புகைமூட்டம் உச்சத்தில் இருந்தது செப்டம்பரில். வெடித்தது டிசம்பர் கடைசியில், லண்டாஸ் எனப்படும் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வானம் தெளிந்த பிறகு. நுரையீரலுக்கு ஆபத்து நீங்கியதும் ஆலைக்கும் நீங்கிவிட்டது என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் படிந்தது வானத்தோடு சேர்ந்து தெளிவதில்லை.

பிறகு

1998 தொடக்கத்தில் ரிங்கிட் டாலருக்கு 4க்கும் மேல் சரிந்திருந்தது. ஆண்டின் முடிவில் கச்சா எண்ணெய் 10 டாலரை ஒட்டி விழுந்தது. எரிவாயுவிலிருந்து டீசல் செய்யும் ஆலையை மறுபடி கட்டுவதற்கு அதைவிட மோசமான நேரம் வாய்க்காது. இருந்தும் கட்டினார்கள், 2000இல் ஓட்டினார்கள். சிறப்பு மெழுகுகளுக்கு நல்ல விலை இருந்ததும், இந்தத் தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் விற்பதற்கு இயங்கும் ஆலை ஒன்று தேவைப்பட்டதும் காரணங்களாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். கத்தாரின் ராஸ் லஃபானில் 2011இல் சரக்கு அனுப்பத் தொடங்கிய பேர்ல் ஆலை, பிந்துலுவின் நேரடி வாரிசு. நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய்; அதற்கு எட்டு ஏஎஸ்யூக்கள். மொத்தம் 28,800 டன் ஆக்சிஜன்.

இன்றைய ஏஎஸ்யூ வழிகாட்டு நெறிகளில் பிந்துலுவின் தடம் தெளிவாகத் தெரிகிறது. வெப்பமாற்றி எப்போதும் திரவத்தில் முழுக மூழ்கி இருக்க வேண்டும். குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது, ஏனென்றால் ஓட்டம் குறைந்தால் சுவர் காயும். கீழே தேங்கும் திரவ ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தொடர்ந்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுத்தீ, பக்கத்து ஆலையின் வாயு வெளியேற்றம் போன்றவற்றைக் காற்று மாசு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அப்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

இவற்றில் தொடர் வெளியேற்றத்தில்தான் தகராறு வரும். வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டரும் கம்ப்ரசர் மின்சாரம் செலவழித்துக் குளிர்வித்தது. செலவுக் குறைப்புக் கூட்டத்தில் முதலில் கத்திரி படுவது இந்த மாதிரி எண்களில்தான். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ‘இதை இரண்டு மாதம் பாதியாக்கிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்ற பேச்சை எங்காவது கேட்டால், அனலைசர் ஏன் சுத்தமாகக் காட்டியது என்று மேலே சொன்னதை நினைத்துப் பார்க்கட்டும்.

புகைமூட்டம் 2005, 2013, 2015, 2019 என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கிழக்குக் கரையிலும் ஜோகூரிலும் சரவாக்கிலும் ஏஎஸ்யூக்கள் ஓடிக்கொண்டிருக்கும் நாட்டில் இது வழக்கமான இயக்க நிலை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குறியீடு எந்த எண்ணைத் தொட்டால் வெளியேற்றத்தைக் கூட்டுவது, எந்த எண்ணில் சுமையையும் மாதிரி எடுக்கும் இடைவெளியையும் மாற்றுவது, எந்த நிலையில் ஏஎஸ்யூவை நிறுத்துவது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இரவு ஷிப்ட் சூப்பர்வைசருக்கு உண்டா இல்லையா: இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

புகை விலகிய பிறகு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கோபுரமும் வெப்பமாற்றியும் அடங்கிய குளிர்ப்பெட்டியான கோல்ட் பாக்ஸ் முழுவதையும் சூடேற்றி, உறைந்து படிந்ததைக் கரைத்து வெளியேற்றும் டீரைம். அதற்கு ஆலை சில நாள் நிற்க வேண்டும். கூட்டத்தில் உற்பத்தி மேலாளர் கேட்பார்: ‘வானம்தான் தெளிந்துவிட்டதே, இப்போது எதற்கு ஷட்டவுன்?’ அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளரின் கையில், புகை நாட்களில் உறிஞ்சிய காற்றின் அளவும், அன்றன்றைய துகள் அளவும், வெளியேற்றிய திரவத்தின் கணக்கும் ஒரே தாளில் இருந்தால், பேச்சு அனுமானத்தில் நிற்காமல் கிலோ கணக்குக்கு நகரும்.